நீலத் தழல் அடங்கும் வரை

பரணில் புல் இன்னும் ஐந்து நாளைக்குத்தான் இருந்தது. பசு மலீன்கா கன்று போட மூன்று வாரம். மேய்ச்சல் முளைக்க ஆறு வாரம். தைசியா கவைக்கோலை ஊன்றிக்கொண்டு இந்த மூன்றையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தாள். எப்படிப் போட்டாலும் நடுவில் ஒரு பெரிய ஓட்டை விழுந்தது.

மலீன்கா தொழுவத்தின் மூலையிலிருந்து மூச்சு விட்டது. சினை வயிறு பக்கவாட்டில் பீப்பாய் மாதிரி தள்ளியிருந்தது. பால் வற்றி ஒரு மாதமாகிறது. ஆனாலும் வேளைக்கு ஒரு தடவை அது தைசியாவைப் பார்க்கும் பார்வையில் குறை இருக்காது. புல் வந்துவிடும் என்ற நம்பிக்கைதான் இருக்கும்.

புல் இல்லாமல் இல்லை. அதுதான் வயிற்றெரிச்சல். வீட்டு ஜன்னலில் நின்றால் பினேகா ஆற்றுக்கு அந்தப் பக்கம், வெள்ளைப் பரப்பின் நடுவே, புற்போர் தெரியும். ஜூலையில் கொசுக்கடியில் அவளும் அவள் புருஷன் யெஃபீமும் பதினோரு நாள் அறுத்து, காயவைத்து, மிதித்து ஏற்றின போர். கோர்கா கிராமத்தில் எல்லோருக்கும் புல்வெளி அக்கரையில்தான். கோடையில் அங்கே போர் போட்டுவிட்டு, ஆறு உறைந்ததும் பனிமேல் வண்டியில் இழுத்து வருவார்கள். பிப்ரவரிக்குள் அந்த வேலை முடிந்துவிடும். இந்த வருஷம் பிப்ரவரியில் யெஃபீம் காட்டில் மரம் வெட்டப் போனான். விழுந்த மரம் ஒன்று அவன் காலையும் கூட்டிக்கொண்டு விழுந்தது.

இப்போது ஏப்ரல் பாதி.

அவள் உள்ளே வந்தபோது யெஃபீம், ஆள் படுக்கும் அளவுக்கு அகலமான அடுப்பின் மேல்தளத்தில் மாவுக்கட்டுக் காலை நீட்டிப் படுத்திருந்தான்.

"எண்ணிட்டியா?"

"எண்ணிட்டேன்."

"நேத்தைக்கு இன்னைக்கு ஏறியிருக்கா?"

"உன் வாய்தான் ஏறியிருக்கு. கால் ஒடிஞ்சதுக்கு நாக்கு ஒடிஞ்சிருந்தா வீடாவது நிம்மதியா இருந்திருக்கும்."

அவன் சிரித்தான். பிறகு கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "வியாழக்கிழமை கறிக்காரன் வர்றான், தாஸ்யா."

அவள் முள்ளங்கியைச் சீவிக்கொண்டிருந்தாள். கத்தி நின்றது.

"சினை மாட்டையா?"

"பட்டினி போட்டுச் சாகடிக்கிறதுக்கு அது மேல். யாருகிட்ட இருக்கு புல்லு, கேட்டு வாங்க? ஏப்ரல்ல எல்லார் பரணும் தொடைச்சு வெச்ச மாதிரிதான் இருக்கும். இல்லேன்னா..."

"இல்லேன்னா?"

"உனக்கே தெரியும். கிளாஃபிராகிட்ட போ."

கத்தி மறுபடியும் சீவ ஆரம்பித்தது. கொஞ்சம் வேகமாக.

கிளாஃபிரா ஆற்றுக் காவல்காரி. ஆற்றங்கரையில் அளவுக்கம்பம் நட்டிருக்கும் இடம் அவள் பொறுப்பு. தினமும் காலை எட்டு மணிக்கு நீர்மட்டத்தைப் பார்ப்பாள். பனிக்கட்டியில் துளை போட்டுக் கனம் அளப்பாள். நோட்டில் எழுதுவாள். பிறகு நகரத்துக்குத் தொலைபேசியில் சொல்வாள். இருபத்திரண்டு வருஷமாக ஒரு நாள் தவறியதில்லை. பனிப்பாதையை எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்பதெல்லாம் அவள் வாக்கு. முந்தாநாள் காலையில் பாதையின் குறுக்கே கழியைக் கட்டி அதில் சிவப்புத் துணியும் முடிந்துவிட்டாள். அதைத் தாண்டிப் போக ஊரில் ஒருத்தருக்கும் துணிச்சல் கிடையாது.

தைசியாவும் அவளும் ஒன்றரை வருஷமாகப் பேச்சில்லை.

*

ஊர்க் கடையில் ரொட்டி வந்திருந்தது. அர்ஹீப் மூன்று ரொட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கதவருகே நின்று பேச்சுக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தார். ஊரில் மிச்சமிருந்த ஒரே குதிரை அவருடையது.

"அர்ஹீப் மாமா, குதிரையைக் குடுங்க. ரெண்டு நாள். போரை இழுத்துட்டு வந்துடறேன்."

"குதிரைக்கென்னம்மா, தாராளமா எடுத்துக்க. ஆனா ஒண்ணு. அது கிளாஃபிரா சொல்லாம பனியில கால வெக்காது."

"குதிரையா வெக்காது, நீங்களா?"

"நாங்க ரெண்டு பேரும் அப்படித்தான். கலந்து பேசி முடிவு பண்ணியிருக்கோம்."

கல்லாவுக்குப் பின்னால் ஸோயா குலுங்கினாள். நாற்பது வயதில் முப்பது வயதுச் சிரிப்பு. "அந்தக் குதிரைக்கு இருக்கிற புத்தி இவருக்கு இருந்திருந்தா எப்பவோ கல்யாணம் ஆகியிருக்கும்."

"ஆகாம இருக்கிறதே அந்தப் புத்தியாலதான்," என்றார் அர்ஹீப். பிறகு சிரிப்பை மடித்து உள்ளே வைத்தார். "தைசியா. ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத. நோன்புக்கு முந்தின மன்னிப்பு ஞாயிறு அன்னைக்கு நீ ஊர் முழுக்கப் போன. என் வீட்டுக்குக்கூட வந்து 'மன்னிச்சிடுங்க'ன்னு குனிஞ்ச. நீ எனக்கு என்னம்மா பண்ணின? ஒண்ணும் பண்ணல. ஆனா கிளாஃபிரா வீட்டு வாசல் வந்ததும் சால்வைய மூக்கு வரைக்கும் இழுத்துக்கிட்டுப் போயிட்ட."

"எனக்குக் குளிரிச்சு."

"குளிரிச்சு. சரி. அவ வாசக்கதவத் தொறந்தே வெச்சிருந்தா. டீக்கு சமோவாரை மூணு தடவ மூட்டினா. அப்பத்தை மூணு தடவ சூடு பண்ணினா. நான் எதிர்வீடு, எனக்குத் தெரியாதா? சாயங்காலம் நான் போய் அந்த அப்பத்த தின்னுட்டு வந்தேன். காய்ஞ்சு செருப்பா இருந்துச்சு."

தைசியா ரொட்டியை வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள். கூரையிலிருந்து பனிக்கம்பிகள் சொட்டுச் சொட்டாக உருகிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு சொட்டும் ஆற்றைத் தின்பது போல இருந்தது அவளுக்கு.

*

நடந்தது இதுதான்.

போன வருஷத்துக்கு முந்தின நவம்பரில் கிளாஃபிராவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. குனியவும் முடியவில்லை, நிமிரவும் முடியவில்லை. தைசியாதான் தன் தோட்டத்து மூலையில் இருக்கும் ஆவிக்குளியல் குடிலை அவளுக்காகவே மூட்டினாள். பிர்ச் விறகு. நான்கு மணி நேரம். விறகு எரிந்து கங்காகித் தழலும் அடங்கினபிறகு, புகைபோக்கியின் தகட்டை மூட வேண்டும். அப்போதுதான் சூடு உள்ளே நிற்கும். கங்கின் மேல் நீல நாக்கு ஒன்று மிச்சமிருந்தாலும் மூடக்கூடாது. மூடினால் மணமில்லாத விஷக்காற்று தங்கும். கோர்காவில் நடக்கக் கற்ற குழந்தைக்கும் இது தெரியும்.

கிளாஃபிரா உள்ளே போய்க் கால்மணி நேரம் ஆனது. சத்தமே இல்லை. தைசியா கதவைத் திறந்தபோது அவள் பலகையிலிருந்து சரிந்து கிடந்தாள். அக்குளில் கை கொடுத்து இழுத்து வந்து பனியில் போட்டு, முகத்தில் பனியைத் தேய்த்து, கத்திக் கத்தித் தொண்டை கிழிந்தபிறகு அவள் கண் திறந்தாள்.

மூன்றாம் நாள் கடையில், பத்துப் பேர் முன்னால் கிளாஃபிரா கேட்டாள். "தகட்ட அவசரப்பட்டு மூடிட்டியா?"

"இல்ல. ஒழுங்காத்தான் மூடினேன். உனக்கு இதயம் சரியில்ல. அத விட்டுட்டு என்னைக் கேக்கற. இழுத்துப் போட்டுக் காப்பாத்தினதுக்கு நல்ல கூலி!"

அதோடு முடிந்தது பேச்சு. தைசியா அன்றிலிருந்து எல்லோரிடமும் அதையே சொன்னாள். சொல்லிச் சொல்லி வாய்க்குப் பழகிவிட்டது. மனசுக்கு மட்டும் பழகவில்லை.

*

மறுநாள் காலை ஏழரைக்கு அவள் ஆற்றுக்கு இறங்கினாள். இரவு நன்றாகப் பனி பிடித்திருந்தது. முந்தின நாள் இளகிய பனியின் மேல்பாகம் ஓடு மாதிரி இறுகிக் காலைத் தாங்கியது. இந்த ஓடு ஒன்பது மணிவரைதான். பிறகு வெயில் ஏறினால் தொடை வரை புதையும்.

கிளாஃபிரா துளையருகே மண்டியிட்டு அளவுகோலை உள்ளே விட்டுக்கொண்டிருந்தாள். பஞ்சுச் சட்டை, ரப்பர் பூட்ஸ், வாயில் பென்சில்.

"காலை வணக்கம், கிளாஃபிரா நிகீதிச்னா."

"வணக்கம், தைசியா புரோகோஃபியெவ்னா," என்றாள் கிளாஃபிரா நிமிராமலே. சின்ன வயதில் ஒரே சறுக்குவண்டியில் புரண்டவர்கள், தகப்பன் பெயரோடு முழுப்பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அதைவிடக் குளிரான காற்று பினேகாவில் அடிக்காது.

"கனம் எவ்வளவு இருக்குங்க?"

"ஐம்பத்தொண்ணு சென்டிமீட்டர். அதுல மேல் இருபது ஊசி ஊசியா உதிருது. பழைய பாதைக்கு நடுவுல அடியில ஊத்து தின்னுட்டிருக்கு. குதிரைக்கு ஆகாது. நீங்க அதுக்குத்தான வந்தீங்க?"

"ஆமா."

"ஆகாது."

பென்சில் நோட்டில் கிறுக்கியது. தைசியா திரும்பி இரண்டடி வைத்தாள். அக்கரையில் போர் தெரிந்தது. உச்சியில் ஒரு காக்கை சட்டமாக உட்கார்ந்திருந்தது. மலீன்காவின் பார்வை ஞாபகம் வந்தது.

திரும்பி வந்தாள். கேட்க வந்தது புல். வாய் பழைய செல்லப்பெயரோடு வேறொன்றைச் சொன்னது.

"நான்தான் மூடினேன், கிளாஷா."

பென்சில் நின்றது.

"நீலம் இருந்துச்சு. பாத்தேன். ரெண்டே ரெண்டு நாக்கு. இந்த ரெண்டு என்ன பண்ணிடும்னு நினைச்சேன். உனக்கு இடுப்புக்கு நல்ல சூடு வேணும், இன்னும் நின்னா ஆறிடும்னு... தகட்ட இழுத்துட்டேன். பாத்துட்டேதான் இழுத்தேன். உன்னை வெளிய இழுக்கும்போதே தெரியும் எனக்கு. அப்புறம் கடையில நீ கேட்டப்போ... மன்னிச்சிடு."

கிளாஃபிரா எழுந்தாள். முழங்காலில் ஒட்டின பனியைத் தட்டினாள். நிதானமாக, இரண்டு காலிலும்.

"எனக்குத் தெரியாதுன்னா நினைச்ச? உள்ள மயங்கிக் கெடந்தது நான்தானடி?"

"அப்போ ஏன் கேட்ட?"

"உன் வாயால வரணும்னுதான். உனக்குத் தெரியுதான்னு பாக்கத்தான்." அவள் குரல் உயர்ந்தது. "ஒழுங்காத்தான் மூடினேன்னு சொன்ன பாரு, அன்னைக்குத்தான் எனக்குப் பயம் வந்துச்சு. தப்பே இல்லேன்னா மறுபடியும் அதே மாதிரிதான மூடுவ? சனிக்கிழமை சனிக்கிழமை மூணு வீட்டுக்காரங்க உன் குடிலுக்கு வர்றாங்க. ஸோயாவும் அவ பொண்ணும் வர்றாங்க. ஒன்றரை வருஷமா, உன் புகைபோக்கியில புகை வந்தா நான் ஜன்னல விட்டு எந்திரிக்க மாட்டேன். அவங்க அத்தனை பேரும் நடந்து வெளிய வர்ற வரைக்கும் எனக்குச் சோறு எறங்காது. தெரியுமா உனக்கு?"

தைசியாவுக்குத் தெரியாது. கிளாஃபிராவின் ஜன்னலில் அந்த முகத்தை ஒவ்வொரு சனிக்கிழமையும் பார்த்திருக்கிறாள். வேவு பார்க்கிறாள் என்றுதான் நினைத்திருந்தாள்.

அவள் குனிந்தாள். முறைப்படி, கை தரையைத் தொடுகிற அளவுக்கு. "மன்னிச்சிடு, கிளாஷா."

"கடவுள் மன்னிப்பார். பத்துப் பேர் முன்னால கேட்டதுக்கு நீயும் என்னை மன்னிச்சிடு." கிளாஃபிராவும் குனிந்தாள். பாதியில் நின்று இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். "ஐயோ... நிமித்தி விடுடி, நிக்கிறா பாரு!"

தைசியா தூக்கி நிமிர்த்தினாள். இருவரும் சிரித்தார்களா, அழுதார்களா, அந்தக் குளிரில் சரியாகத் தெரியவில்லை.

"மன்னிப்பு ஞாயிறு முடிஞ்சு அஞ்சு வாரம் ஆச்சு," என்றாள் தைசியா மூக்கைத் துடைத்தபடி.

"அதனால என்ன. அளவு லேட்டா எடுத்தாலும் நோட்டுல ஏறும். நேரம் மட்டும் பக்கத்துல குறிச்சிடணும்." கிளாஃபிரா ஆற்றைப் பார்த்தாள். முகம் வேலைக்குத் திரும்பிவிட்டது. "குதிரை கெடையாது. ஆனா ஆள் இழுக்கிற சின்ன வண்டி போகும். பழைய பாதையில இல்ல. மேல, வளைவு பக்கம். நான் தேவதாரு கன்னு நட்டு அடையாளம் போடறேன். விடியற நேரத்துல ஆரம்பிச்சு ஏழரைக்குள்ள. ஆளுக்கு ஆள் முப்பது அடி இடைவெளி. நான் விசில் அடிச்சா கயித்தப் போட்டுட்டு நடக்கணும். புல்லு, வண்டி, ஒண்ணையும் திரும்பிப் பாக்கக்கூடாது. சத்தியம் பண்ணு."

"சத்தியம்."

"போய் ஊர அழை. நீயே போகணும். வீடு வீடா."

*

கோர்காவில் பொமொச் என்றால் கூலியில்லாத கூட்டு வேலை. வீட்டுக்காரி வாசலில் வந்து கூப்பிட வேண்டும். வேலை முடிந்ததும் வயிறு முட்டச் சோறு போட வேண்டும். அவ்வளவுதான் சட்டம். தைசியா அன்று பதினான்கு வாசலில் நின்றாள். "உதவிக்கு வாங்க" என்று சொல்லி முடிப்பதற்குள் "கிளாஃபிரா என்ன சொன்னா?" என்று கேட்டார்கள். "சரின்னா" என்றதும் "வண்டி எத்தனை வேணும்?" என்றார்கள்.

மறுநாள் விடிகாலை, கிழக்கே வானம் சாம்பலாக வெளுத்தபோது, பதினோரு பேர் கரையில் நின்றார்கள். மைனஸ் ஒன்பது டிகிரி. கரையோரம் பனி விலகித் தண்ணீர் எட்டிப் பார்த்த இடத்தில் பலகை போட்டிருந்தது. ஆற்றின் குறுக்கே இரண்டு வரிசை தேவதாருக் கன்றுகள், கல்யாண ஊர்வலத்துக்கு நிறுத்தின மாதிரி.

வண்டிகள் லேசாக ஓடின. அக்கரையில் அர்ஹீப் போரின் மேல் ஏறிப் புல்லைத் தள்ளினார். உள்ளே புல் பச்சையாகவே இருந்தது. ஜூலை மணம் குப்பென்று கிளம்பியது.

"குதிரைக்குச் செய்யத் தெரியாத வேலையெல்லாம் என் தலையில," என்று மேலிருந்து கத்தினார் அவர்.

"குதிரைன்னா இந்நேரம் பாதிய தின்னிருக்கும்," என்று கீழிருந்து ஸோயா பதில் கொடுத்தாள். "நீங்க அத மட்டும்தான் பண்ணல!"

அன்று பாதிப் போர் வந்து சேர்ந்தது. நோன்புக் காலம். பாலும் முட்டையும் இல்லாத விருந்து. தைசியா முட்டைக்கோஸ் சூப், உப்பிட்ட காளான், உருளைக்கிழங்கு, ரை தானிய மாவில் மீன் பொதிந்து சுட்ட பணியாரம் எல்லாம் வைத்தாள். மீன் நோன்புக்கு ஆகுமா என்று ஸோயா கேட்டாள். ஆற்றில் பிடித்தால் ஆகும், கடையில் வாங்கினால்தான் பாவம் என்று அடுப்பு மேலிருந்து யெஃபீம் தீர்ப்புச் சொன்னான்.

அன்றிரவு பனி பிடிக்கவில்லை. தூறல். விடியற்காலையில் கூரை சொட்டும் சத்தத்திலேயே தைசியாவுக்குத் தெரிந்துவிட்டது. ஆற்றுக்கு ஓடினாள். கிளாஃபிரா துளையருகே நின்று தலையை மட்டும் ஆட்டினாள்.

"ஒரே ஒரு நடை, கிளாஷா..."

"இல்ல."

அவ்வளவுதான். தைசியா வீட்டுக்குத் திரும்பினாள். வந்து சேர்ந்த புல் மூன்று வாரத்துக்குக் காணும். அதற்குமேல் கன்றுக்குட்டியும் இருக்கும்.

மூன்றாம் நாள் விடியலில் ஜன்னலில் தட்டு விழுந்தது. "எந்திரி! மைனஸ் ஆறு. ஏழு மணி வரைக்கும் தர்றேன். ஒரு நிமிஷம் கூடக் கெடையாது!"

பதினோரு பேர் மறுபடி இறங்கினார்கள். இந்தத் தடவை கிண்டலில்லை. பனிக்கட்டி அடியில் எங்கோ முனகியது. ஏழுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது போரின் அடிவரை வழித்தாகிவிட்டது. கடைசி வண்டி தைசியாவுடையது. சுமையும் அதில்தான் அதிகம். அவள் முன்னால் நீளக் கயிற்றில் இழுத்தாள், ஸோயா பின்னாலிருந்து கழியால் தள்ளினாள்.

நடு ஆற்றில் வந்தபோது பீரங்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம் மேல்திசையிலிருந்து ஓடி வந்து காலுக்கடியில் கடந்து போனது.

விசில்.

ஸோயா கழியைப் போட்டுவிட்டுப் பக்கவாட்டில் விலகி நடந்தாள். தைசியா திரும்பிப் பார்த்தாள். பார்க்கக்கூடாது என்பது சட்டம், ஆனாலும் பார்த்தாள். சறுக்குக்கட்டையின் ஓரத்தில் கருப்பாகத் தண்ணீர் கசிந்திருந்தது. கொஞ்சம்தான். இரண்டே இரண்டு விரல் அகலம். கரை எண்பது அடி. இரண்டு விரல் என்ன பண்ணிவிடும்? ஒரே மூச்சு, இழுத்துவிடலாம்...

ரெண்டே ரெண்டு நாக்கு.

கை தானாகவே விரிந்தது. கயிறு பனியில் விழுந்தது. அவள் நடந்தாள். ஓடவில்லை. அடி மேல் அடி வைத்து, தேவதாருக் கன்று வரிசையைப் பார்த்தபடி. பலகையில் கால் வைத்தபோது கிளாஃபிராவின் கை அவள் சட்டைக் கழுத்தைப் பிடித்து மேட்டுக்கு இழுத்தது.

இருவரும் திரும்பிப் பார்த்தபோது வண்டியின் பின்பக்கம் மெதுவாக ஒரு முழம் இறங்கி, கோணலாக நின்றது.

"திரும்பிப் பாத்த நீ," என்றாள் கிளாஃபிரா.

"பாத்தேன்."

"ஆனா விட்டுட்ட."

"விட்டுட்டேன்."

கிளாஃபிரா விசிலைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டாள்.

*

நான்காம் நாள் ஆறு கிளம்பியது. ஊரே கரையில் நின்றது. யெஃபீமைக்கூட அர்ஹீப்பின் குதிரைவண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். வீடளவு பனிப்பாளங்கள் ஒன்றன் மேல் ஒன்று ஏறி, உருண்டு, உறுமிக்கொண்டு போயின. நடுவில் ஒரு பாளத்தின் மேல், தைசியாவின் புல்வண்டி, கோணலாகச் சாய்ந்தபடி, மகாராணி மாதிரி பவனி போயிற்று.

"மலீன்கா சீதனம் போகுது பாரு," என்றான் யெஃபீம்.

கிளாஃபிரா விறுவிறுவென்று போய்த் தொலைபேசியைச் சுழற்றினாள். கீழ்த்திசையில் நாற்பது மைலில் அடுத்த அளவுக்கம்பம், அங்கே அவளைப் போல இன்னொரு காவல்காரர். "நீர்மட்டம் நானூத்திப் பன்னெண்டு. பனி முழு அகலத்துக்கும் ஓடுது. கூடவே ஒரு வண்டி புல்லும் வருது, பிடிங்க."

மறுநாள் பதில் வந்தது. கொக்கிக் கழியால் பிடித்துவிட்டார்களாம். வண்டி நலம். புல் நனைந்திருந்தது, அவர் வீட்டு ஆடு அதைப் பொருட்படுத்தவில்லையாம்.

பரணில் புல் கூரையை முட்டிக்கொண்டிருந்தது. ஜூன் வரை காணும், மிச்சமும் இருக்கும். கறிக்காரன் வெறுங்கையோடு திரும்பிப் போனான்.

சனிக்கிழமை தைசியா குடிலை மூட்டினாள். பதினோரு பேருக்கும் முறை வைத்து. ஆனால் முதல் முறை கிளாஃபிராவுக்கு என்று சொல்லி அனுப்பியிருந்தாள். வருவாளா என்று தெரியாமல் கணப்பின் முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள்.

தோட்டத்து ஈரப்பனியில் பூட்ஸ் சத்தம் கேட்டது. கக்கத்தில் துண்டும், கையில் உடம்பில் விளாசிக்கொள்ளும் பிர்ச் இலைக்கட்டுமாகக் கிளாஃபிரா வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை.

"என்னடி, மூடியாச்சா?"

தைசியா குனிந்து கங்கைப் பார்த்தாள். சிவப்பின் மேல் ஒரு மூலையில் மெலிசாக ஆடிக்கொண்டிருந்தது. ஒன்றே ஒன்று.

"இன்னும் இல்ல. ஒரு நாக்கு மிச்சம் இருக்கு."

"சூடு ஆறிடுமே?"

"ஆறட்டும்."

கிளாஃபிரா துண்டை ஆணியில் மாட்டினாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாக அந்த முக்காலியின் பாதியில் உட்கார்ந்து, தைசியாவை இடித்து நகர்த்தினாள்.

"தள்ளி உக்காரு. நானும் பாக்கறேன்."